உதவித்தொகையா, ஊதியமா? ஆராய்ச்சி மாணவரும் வருமான வரியும்

பிப்ரவரி மாதம் வந்துவிட்டால் நம் பள்ளிகளின் ஆசிரியர் அறையில் பேச்சு ஒன்றுதான். பழைய முறையா, புதிய முறையா? வீட்டுக் கடன் வட்டிச் சான்று வாங்கியாயிற்றா? பிடித்தம் போக இந்த மாதம் கையில் எவ்வளவு வரும்? நான் வணிகவியல் ஆசிரியர் என்பதால் என் மேசையைச் சுற்றிக் கூட்டம் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். ஆண்டுதோறும் கணக்குப் போட்டுப் போட்டு, நம் சம்பளத்துக்கான வரி நம்மில் பலருக்கு அத்துப்படி. நம்மிடம் படித்துப் போன பிள்ளைகள் வாங்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்கு வரி உண்டா என்று கேட்டால்தான் தடுமாறுகிறோம்.

அப்படி ஒரு கேள்வி என்னிடம் தொலைபேசியில் வந்தது. கேட்டவர் என் முன்னாள் மாணவர். விசைத்தறித் தொழிலாளியின் மகன். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். பெற்று, ஒரு கல்வி நிறுவனத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வந்தார். "சார், மாசம் முப்பத்தேழாயிரம்னு ஆணையில இருக்கு. மூவாயிரத்து எழுநூறு குறைச்சுத்தான் அக்கவுண்ட்ல ஏறுது. ஆபீஸ்ல கேட்டா வரின்னு சொல்றாங்க. நான் என்ன வேலையா பாக்கறேன்?" என்றார். மாதம் பத்தாயிரம் வீட்டுக்கு அனுப்புகிறவர். பிடிக்கப்பட்ட அந்த 3,700 ரூபாய், கல்லூரியில் படிக்கும் அவருடைய தங்கையின் விடுதிச் சாப்பாட்டுக் கட்டணம். ஆய்வை விட்டுவிட்டுத் தனியார் வேலைக்குப் போய்விடலாமா என்றும் யோசித்துக் கொண்டிருந்தார். அவருக்குப் பதில் சொல்வதற்காகத் தேடிப் படித்தவற்றையே இங்கே எழுதுகிறேன். உங்கள் மாணவர்களில் யாராவது ஒருவர் இதே கேள்வியோடு உங்களை அழைக்கக்கூடும். நீங்களே பகுதிநேரமாகவோ விடுப்பு எடுத்தோ ஆய்வு செய்பவராகவும் இருக்கலாம்.

சட்டம் சொல்லும் ஒரு வரி

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 10, எவையெல்லாம் மொத்த வருமானத்தில் சேராது என்று பட்டியலிடுகிறது. அதன் உட்பிரிவு 16 மிகச் சிறியது. கல்விச் செலவைச் சமாளிப்பதற்காக வழங்கப்படும் உதவித்தொகை வருமானத்தில் சேராது என்பதுதான் அதன் பொருள். உச்சவரம்பு எதுவும் இல்லை. அரசுதான் கொடுத்திருக்க வேண்டும் என்றும் இல்லை. அறக்கட்டளையோ தனியார் நிறுவனமோ கொடுத்தாலும் பொருந்தும். வயது வரம்பும் கிடையாது. எட்டாம் வகுப்பில் தேர்வெழுதி என்.எம்.எம்.எஸ். உதவித்தொகையாக ஆண்டுக்கு 12,000 ரூபாய் பெறும் நம் பள்ளிப் பிள்ளைக்கும், மாதம் 42,000 ரூபாய் பெறும் முதுநிலை ஆராய்ச்சி மாணவருக்கும் இந்த ஒரே வரிதான் பாதுகாப்பு.

'கல்விச் செலவு' என்றால் என்ன? கல்லூரிக் கட்டணம் மட்டுமா? கர்நாடக உயர் நீதிமன்றத்தின் பழைய தீர்ப்பு ஒன்று இதைத் தெளிவாக்கியிருக்கிறது. கட்டணம் மட்டுமன்றி, கல்வி பெறுவதற்காக நேரும் பிற செலவுகளும் அதில் அடங்கும் என்பது அத்தீர்ப்பு. தங்குவது, சாப்பிடுவது, புத்தகம், பயணம் எல்லாம் படிப்பதற்காகத்தானே? இந்த விளக்கம் எவ்வளவு பெரிது என்பது அமெரிக்காவின் கதையைப் பார்க்கும்போது புரியும். அதற்குப் பிறகு வருகிறேன்.

இரண்டு செய்திகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். புதிய வரி முறைக்கு மாறினால் பல விலக்குகள் போய்விடும் என்பது நமக்குத் தெரியும். வீட்டு வாடகைப்படி விலக்கும், பயணச் சலுகை விலக்கும் போகின்றன. ஆனால் உதவித்தொகைக்கான விலக்கு போவதில்லை. இரண்டு முறைகளிலும் உண்டு. அடுத்தது, 2025இல் நிறைவேறிய புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. அதில் பிரிவு எண்கள் மாறுகின்றன. விலக்குகள் பலவும் சட்டத்தின் இறுதியிலுள்ள அட்டவணைகளுக்கு நகர்ந்துள்ளன. உதவித்தொகை விலக்கு தொடர்கிறது. இக்கட்டுரையில் பழைய எண்களையே பயன்படுத்துகிறேன், 2026 மார்ச் வரையிலான வருமானத்துக்கு அவைதான் பொருந்தும் என்பதால்.

பெயர் முடிவு செய்வதில்லை

சிக்கல் எங்கே வருகிறது என்றால், நம் ஊரில் ஒரே பெயரைப் பத்து விதமான பணத்துக்கு வைத்துவிடுகிறோம். ஊக்கத்தொகை, உதவித்தொகை, மதிப்பூதியம், தொகுப்பூதியம், ஸ்டைபண்டு. வரிச் சட்டம் பெயரைப் பார்ப்பதில்லை. எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று பார்க்கிறது.

இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்களுக்குக் கொடுத்தது ஊக்கத்தொகை. ஆனால் அவர்கள் கற்பித்ததற்காகக் கொடுத்தது. அவர்கள் படிப்பதற்காக அல்ல. பள்ளி மேலாண்மைக் குழு வழியாக நியமிக்கப்படும் தற்காலிக ஆசிரியர்கள் வாங்கும் தொகையை எந்தப் பெயரில் எழுதினாலும், அது வேலைக்கான பணம். இவர்கள் பெறும் தொகை வரி வரம்பைத் தொடாது என்பது வேறு செய்தி. விலக்கு பெற்ற உதவித்தொகை அல்ல என்பதுதான் இங்கே நான் சொல்ல வருவது. மறுபக்கம், புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் கல்லூரி மாணவர்களுக்குக் கிடைக்கும் மாதம் 1,000 ரூபாய் படிப்பதற்காகவே தரப்படுகிறது.

நம் சொந்தச் சம்பளப் பட்டியலிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. உயர்கல்வித் தகுதிக்காக நம்மில் பலர் பெற்ற ஊக்க ஊதிய உயர்வு. படித்ததற்காகக் கிடைத்ததுதான், 'ஊக்கம்' என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் அது சம்பளத்தின் ஒரு பகுதி. முழுக்க வரிக்கு உட்பட்டது. ஊதியத்தோடு கூடிய விடுப்பில் சென்று முனைவர் பட்டம் படிக்கும் ஆசிரியருக்கும் அப்படியே. அவர் படிக்கிறார் என்பது உண்மை. பணம் வருவது அரசு ஊழியர் என்ற உறவினால். அது விடுப்பு ஊதியம், சம்பளமே. அந்தத் தொகையைப் பிரிவு 10(16)இன் கீழ் கழித்துக் காட்டினால் துறையிடமிருந்து கடிதம் வரும்.

ஆராய்ச்சி மாணவருக்கு வருவோம். யு.ஜி.சி. இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை 2023 ஜனவரி 1 முதல் மாதம் 37,000 ரூபாய். முதுநிலைக்கு உயர்ந்த பின் 42,000 ரூபாய். விடுதியில் இடம் பெறாதவர்களுக்கு ஊரைப் பொறுத்து வீட்டு வாடகைப்படி சேரும். பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை இன்னும் பெரியது. முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 70,000. மூன்றாம் ஆண்டு 75,000. நான்கு, ஐந்தாம் ஆண்டுகளில் 80,000. கேட் தேர்வு எழுதி எம்.டெக். சேர்பவருக்கு மாதம் 12,400. இவர்கள் அனைவரும் ஒரு பட்டத்துக்காகப் பதிவு செய்த மாணவர்கள். சில மணி நேரம் ஆய்வகத்தில் இளநிலை மாணவர்களுக்கு உதவ வேண்டும், விடைத்தாள் திருத்த வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். அதனால் மட்டும் அவர்கள் ஊழியர்கள் ஆகிவிடுவதில்லை. அதுவும் பயிற்சியின் ஒரு பகுதிதான்.

தெளிவில்லாத இடங்களும் உண்டு. பேராசிரியர் ஒருவரின் ஆய்வுத் திட்டத்துக்கு விளம்பரம் கொடுத்து, நேர்காணல் நடத்தி, திட்டம் முடியும் வரை என்று ஆள் எடுக்கிறார்கள். அந்தப் பதவிக்கும் 'ஜே.ஆர்.எஃப்.' என்று பெயர் வைக்கும் வழக்கம் இருக்கிறது. அவர் எந்தப் பட்டத்துக்கும் பதிவு செய்யாதவர் என்றால், அது படிப்புக்கான உதவி என்று வாதிடுவது கடினம். முனைவர் பட்டம் முடித்த பின் ஆராய்ச்சி இணையராக 58,000, 61,000, 67,000 என்ற படிநிலைகளில் பெறுபவரின் நிலையும் ஏறக்குறைய இதேதான். படிப்பு முடிந்துவிட்டதே என்று அதிகாரி கேட்கலாம். முதுநிலை மருத்துவம் படிக்கும் மருத்துவர்களின் கதை நீண்டது. படிப்பும் உண்டு, இரவு பகலாக மருத்துவமனைப் பணியும் உண்டு. அவர்கள் பெறுவது கல்வி உதவியா, சம்பளமா என்ற வழக்குகள் தீர்ப்பாயம் வரை போயிருக்கின்றன. என் கருத்தைக் கேட்டால், இப்படிப்பட்டவர்கள் தாமாக முடிவு செய்யாமல் பட்டயக் கணக்காளர் ஒருவரைப் பார்ப்பது நல்லது. பட்டத்துக்குப் பதிவு செய்து உதவித்தொகை ஆணை பெற்ற மாணவருக்கு அந்தச் செலவு தேவையில்லை.

பிடித்துவிட்டார்கள் என்றால்?

என் மாணவரின் நிறுவனம் செய்தது இதுதான். உதவித்தொகையைத் தொழில்முறைக் கட்டணம் போலக் கருதி, பிரிவு 194ஜேவின் கீழ் 10 விழுக்காடு பிடித்தது. வழக்கறிஞருக்கும் கணக்காளருக்கும் பணம் கொடுக்கும்போது பிடிப்பதற்கான பிரிவு அது. கணக்குப் பிரிவில் இருப்பவர்களைக் குறை சொல்லவும் தயக்கமாக இருக்கிறது. பிடிக்காமல் விட்டால் தணிக்கையில் அவர்கள் பதில் சொல்ல வேண்டும். பிடித்துவிட்டால் யாரும் அவர்களைக் கேட்கப் போவதில்லை. சந்தேகம் வந்தால் பிடித்து வை என்பது எல்லா அலுவலகங்களிலும் எழுதப்படாத விதி.

மாதம் 3,700 என்றால் ஆண்டுக்கு 44,400 ரூபாய். இது போய்விட்ட பணம் அல்ல என்பதைத்தான் அவருக்கு முதலில் சொன்னேன். மூலத்தில் பிடித்த வரி, அவருடைய பான் எண்ணில் அரசின் கணக்கில் வரவாகி நிற்கிறது. வருமான வரித் தளத்தில் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்தால் எந்த மாதம், யார், எந்தப் பிரிவில், எவ்வளவு பிடித்தார்கள் என்று தெரியும். பான் எண்ணைத் தராமலோ தவறாகவோ தந்திருந்தால் பிடித்தம் 20 விழுக்காடு ஆகிவிடும், வரவும் அவர் பெயரில் வராது. ஆகவே கல்லூரி முடித்துப் போகும் மாணவர்களிடம் பான் அட்டை வாங்கிவிட்டாயா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பணத்தைத் திரும்பப் பெற ஒரே வழி வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்வது. விலக்கு பெற்ற வருமானத்துக்கென்று படிவத்தில் தனி இடம் இருக்கிறது. உதவித்தொகையை அங்கே பிரிவு 10(16) என்று குறிப்பிட்டு எழுத வேண்டும். பிடித்த வரியை அதற்குரிய இடத்தில் காட்டினால், திரும்பத் தர வேண்டிய தொகையைப் படிவமே கணக்கிட்டுக் காட்டும். 'வருமானமே இல்லை, எதற்குத் தாக்கல்?' என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஓர் ஆண்டில் பிடித்த வரி 25,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் தாக்கல் செய்தே ஆக வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. 44,400 அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. உரிய தேதியில் செய்யத் தவறினாலும் டிசம்பர் 31 வரை தாமதமாகத் தாக்கல் செய்யலாம்.

வங்கியில் கொடுப்பது போல 15ஜி படிவம் கொடுத்தால் பிடிக்க மாட்டார்களா என்று அவர் கேட்டார். நல்ல கேள்வி. அந்தப் படிவம் வைப்பு வட்டி போன்ற சிலவற்றுக்குத்தான். 194ஜே பிடித்தத்துக்குச் செல்லாது. அதற்குப் பதிலாக, நிறுவனத்தின் நிதி அலுவலருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதச் சொன்னேன். உதவித்தொகை ஆணையின் நகல், முனைவர் பட்டப் பதிவுச் சான்று, பிரிவு 10(16)ஐச் சுட்டும் இரண்டு வரி, நெறியாளரின் கையெழுத்து. சண்டை போடாமல், பணிவாக. இரண்டு மாதம் இழுத்தது. பிறகு பிடித்தத்தை நிறுத்தினார்கள். அதுவரை பிடித்தது, தாக்கல் செய்தபின் அவருடைய வங்கிக் கணக்குக்கே வந்து சேர்ந்தது. நடுவில் துறையிலிருந்து, பிடித்தம் இருக்கிறதே, வருமானம் எங்கே என்பது போல ஒரு மின்னஞ்சல். அதே ஆணை நகலையும் பதிவுச் சான்றையும் வைத்துப் பதில் அனுப்பினார்.

12 லட்சம் வரை வரி இல்லையே, பிறகென்ன?

ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது கணித ஆசிரியை ஒருவர் மடக்கினார். "புதிய முறையில பன்னிரண்டு லட்சம் வரைக்கும்தான் வரி இல்லையே சார். ஜே.ஆர்.எஃப். வருஷத்துக்கு நாலு லட்சத்து நாற்பத்து நாலாயிரம். விலக்கு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?" சரியான கேள்விதான். உதவித்தொகை மட்டுமே வருமானம் என்றால் இறுதி வரி இரண்டு வழியிலும் சுழியம். வித்தியாசம் தெரிவது, மாணவர் ஆண்டின் நடுவில் வேலைக்குப் போகும்போது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2025–26இல் முதல் ஆறு மாதம் மாதம் 42,000 வீதம் உதவித்தொகை, மொத்தம் 2,52,000. அக்டோபரில் ஒரு நிறுவனத்தில் மாதம் 2,10,000 சம்பளத்தில் சேர்கிறார். ஆறு மாதத்துக்கு 12,60,000. சம்பளத்தில் நிலையான கழிவு 75,000 போக 11,85,000. இது 12 லட்சத்துக்குள் இருப்பதால் தள்ளுபடி கிடைத்து வரி ஏதும் இல்லை. உதவித்தொகையையும் வருமானமாகச் சேர்த்துவிட்டால் 14,37,000. இப்போது தள்ளுபடி கிடையாது. 4 முதல் 8 லட்சம் வரை 5 விழுக்காடு, 20,000. 8 முதல் 12 வரை 10 விழுக்காடு, 40,000. மீதி 2,37,000க்கு 15 விழுக்காடு, 35,550. கூட்டினால் 95,550. அதன் மேல் 4 விழுக்காடு கூடுதல் தீர்வை 3,822. ஆக 99,372 ரூபாய். உதவித்தொகை என்ற ஒரு சொல்லை எந்தக் கட்டத்தில் எழுதுகிறோம் என்பதில் ஏறக்குறைய ஒரு லட்சம் ரூபாய் நிற்கிறது. புதிய நிறுவனத்தின் படிவத்தில் 'முந்தைய வேலையில் பெற்ற சம்பளம்' என்று ஒரு கட்டம் இருக்கும். பிள்ளைகள் கடமை உணர்ச்சியோடு உதவித்தொகையை அங்கே எழுதிவிடுவார்கள். அதைத் தடுக்க ஓர் ஆசிரியரின் ஒரு வாக்கியம் போதும்.

கடல் கடந்து போகிறவர்களுக்கு

நம் மாணவர்கள் பலர் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு ஆய்வு செய்யப் போகிறார்கள். அங்கே விதி வேறு. ஒரு காலத்தில் பட்டப் படிப்பு மாணவரின் உதவித்தொகைக்கு அங்கும் பரந்த விலக்கு இருந்தது. 1986ஆம் ஆண்டின் வரிச் சீர்திருத்தச் சட்டம் அதைச் சுருக்கியது. கல்விக் கட்டணம், கட்டாயக் கட்டணங்கள், படிப்புக்குத் தேவையான புத்தகங்கள், கருவிகள் ஆகியவற்றுக்குப் போகும் பகுதிக்கு மட்டும் விலக்கு. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் தரும் மாதத் தொகைக்கு வரி உண்டு. கல்விச் செலவு என்பதை நம் நீதிமன்றம் விரித்தது, அவர்களின் சட்டம் குறுக்கிவிட்டது. 2017இல் இன்னும் ஒரு படி போய், ஆசிரிய உதவியாளர்களாக இருக்கும் ஆய்வு மாணவர்களுக்குத் தள்ளுபடி செய்யப்படும் கல்விக் கட்டணத்தையும் வருமானமாகக் கருத அங்குள்ள கீழவை ஒரு மசோதா நிறைவேற்றியது. கைக்கே வராத பணத்துக்கு வரியா என்று மாணவர்கள் பல வளாகங்களில் வகுப்புகளை விட்டு வெளியேறினார்கள். இறுதிச் சட்டத்தில் அந்தப் பகுதி இடம்பெறவில்லை.

மாணவர் விசாவில் போகும் வெளிநாட்டவரின் உதவித்தொகையில், வரிக்கு உட்பட்ட பகுதிக்கு 14 விழுக்காடு பிடிப்பது வழக்கம். இந்திய மாணவர்களுக்கு ஒரு வசதி உண்டு. இந்திய–அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவின்படி, மற்ற பெரும்பாலான நாட்டு மாணவர்களுக்குக் கிடைக்காத நிலையான கழிவை இவர்கள் கோரலாம். 2024ஆம் ஆண்டுக்கு அது 14,600 டாலர். இது தெரியாமல் கணக்கு தாக்கல் செய்து, திரும்ப வர வேண்டியதை விட்டுவிடும் பிள்ளைகள் உண்டு. பிரிட்டனில் ஆராய்ச்சிக் கழகங்கள் முனைவர் பட்ட மாணவர்களுக்குத் தரும் தொகைக்கு வருமான வரி இல்லை. எங்கே போவது என்று முடிவு செய்யும் மாணவர், ஆணைக் கடிதத்தில் உள்ள தொகைகளை மட்டும் ஒப்பிட்டால் போதாது.

வகுப்பறைக்கு

பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் 'அரசாங்கமும் வரிகளும்' என்றொரு பாடம் இருக்கிறது. நேர்முக வரி, மறைமுக வரி என்று சொல்லி முடித்துவிட்டால் தேர்வுக்குப் போதும். நான் ஒருமுறை அந்த வகுப்பை இரவல் வாங்கி, சிறு துண்டுச் சீட்டுகளில் எழுதிக் கொடுத்தேன். அப்பாவின் தறிக்கூலி. பக்கத்து வீட்டு அக்காவின் புதுமைப்பெண் பணம். நான் வாங்கும் சம்பளம். கோயில் திருவிழாப் பேச்சுப் போட்டியில் கிடைத்த பரிசு. ஜே.ஆர்.எஃப். தொகை. தொழிற்பயிற்சி முடித்துத் தொழிற்சாலையில் பயிற்சியாளராக இருக்கும் அண்ணன் வாங்கும் ஸ்டைபண்டு. எது உழைப்புக்கான பணம், எது படிப்புக்கான பணம் என்று குழுவாகப் பேசிப் பிரிக்க வேண்டும். பயிற்சியாளர் சீட்டில் சண்டை வந்தது. ஒரு குழு வேலை என்றது, இன்னொரு குழு படிப்பு என்றது. நானும் தீர்ப்புச் சொல்லவில்லை. நீதிமன்றத்திலேயே வாதாடக்கூடிய கேள்வி அது. எட்டாம் வகுப்புக் கணிதத்தில் விழுக்காடு நடத்துபவர்கள் மேலே உள்ள 14,37,000 கணக்கைச் சிறு எண்களாக்கித் தரலாம். படிநிலை வரி என்பதைப் பிள்ளைகள் அங்கேதான் பிடித்துக்கொள்கிறார்கள். வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால் மொத்தத்துக்கும் கூடுதல் வரி என்று பெரியவர்களிலேயே பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அன்று வகுப்பு முடியும் நேரத்தில் ஒரு மாணவி எழுந்தாள். என்.எம்.எம்.எஸ். பணம் அவள் வங்கிக் கணக்கில் வருகிறது. அம்மா அதை எடுக்காமல் விட்டு வைத்திருக்கிறார். வங்கி அதற்கு வட்டி போட்டிருக்கிறது. "உதவித்தொகைக்கு வரி இல்லைன்னா, அந்த வட்டிக்கும் இல்லையா சார்?" வட்டிக்கு விலக்கு இல்லை என்றேன். படிப்புக்காகக் கொடுத்தது உதவித்தொகை. வட்டி, பணம் வங்கியில் இருந்ததற்காக வங்கி கொடுப்பது. அவள் பதினெட்டு வயது நிரம்பாதவள் என்பதால் அந்த வட்டியைப் பெற்றோரில் அதிக வருமானம் உள்ளவரின் வருமானத்தோடு சேர்த்துப் பார்ப்பார்கள். அவர்கள் வரி வரம்புக்குள் வராதவர்கள். ஆகவே கட்ட வேண்டியது எதுவும் இல்லை. "வட்டி எவ்வளவு வந்திருக்கு?" என்று கேட்டேன். நூற்று எண்பத்தாறு ரூபாய் என்றாள்.